ஒரு கண்ணில் வெள்ளை, ஒரு கண்ணில் கிரீம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். என் வலது கண் ரொம்ப நலம். இடது கண் மட்டும் திங்கட்கிழமை ஆபரேஷனுக்காகக் காத்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றால் அதையும் ஒளிக்காமல் எழுது, இந்தக் குடும்பத்தில் எட்டு மாதமாக என்னிடம் ஒளித்ததெல்லாம் போதும். எதை ஒளித்தோம் என்று முழிக்காதே, அது உனக்கே தெரியும், எனக்கும் இப்போது தெரியும், முறையாக வருகிறேன். எழுத்தெல்லாம் கடைப் பலகை மாதிரி பெரிது பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே, கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடியை இரண்டு கண்ணும் முடிந்து ஆறின பிறகுதான் அளந்து கொடுப்பார்களாம். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒரு வரி சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று மூன்று வரி திருத்துகிறாள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை, அவள் இப்போது தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அது என் சட்டைப் பையில் இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷின் கிடையாது, நான்தான் மெஷின். எதிர்க்கடைக்காரன் மெஷின் வாங்கிப் போட்டு ஆறு வருடம் ஆகிறது, பட்டனை அமுக்கினால் அது உறுமி உறுமிக் கலரைத் துப்புகிறது. நம்மிடம் வருகிறவர்கள், அண்ணே ஹாலுக்கு இதமா ஒரு கிரீம் வேணும் என்பார்கள், நான் வெள்ளை டப்பாவைத் திறந்து மஞ்சள் ஸ்டெய்னர் சாயம் இத்தனை சொட்டு, பழுப்பு இத்தனை சொட்டு என்று விட்டுக் கலக்கிப் பார்ப்பேன், என் கண் போதும் என்றால் போதும். கலர் கார்டு பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வழக்கமே இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு டப்பா திரும்பி வந்ததில்லை. திரும்பி வந்த முதல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்றால் நம் பெயிண்டர் மேஸ்திரி, சின்ன வயதில் நீ ஏணி மாமா என்று கூப்பிடுவாயே, அந்த ஆள்தான். மருந்துக்கடைக்கார அம்மா வீட்டு ஹாலுக்கு நான் கலக்கிக் கொடுத்த கிரீம் அது. டப்பாவை மேஜையில் டொக்கென்று வைத்து மூடியைத் திறந்து, இது என்னப்பா கலர் என்றான். கிரீம் என்றேன். வெள்ளை என்றான். கிரீம்டா என்றேன். அந்தம்மா ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு, நோயாளிங்களைக் கடையில பாத்துக்கறேன், வீட்டுலயும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க என்றான். கடையில் மூன்று பேர் நிற்கிறார்கள், அவர்கள் முன்னால், உனக்குக் கண்ணு போச்சுப்பா, போய்க் காட்டு என்றான். எனக்கு வந்ததே கோபம். எனக்குக் கண்ணு போகலை, உனக்குத்தான் தின்னரை மோந்து மோந்து மூளை போச்சு என்று சொல்லிவிட்டேன். அவன் டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு, என் கண் முன்னாலேயே ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குள் போனான்.

அன்றைக்கே உனக்குப் போன் பண்ணி, இனிமேல் அந்த ஆள் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று கத்தினேன். நீ சரிப்பா என்றாய். வேறு யாரிடமும் சொல்ல முடியாது, உனக்கு எழுதுகிறேன், அந்த எட்டு மாதமும் எனக்கு நன்றாகவே இல்லை. எத்தனை வருடமாக சாயந்திரம் ஐந்து மணிக்கு அவன் வந்து கடை வாசல் ஸ்டூலில் உட்காருவான், இரண்டு டீ வரும், ஒன்றும் பெரிதாகப் பேச மாட்டோம், எவன் வீட்டுச் சுவரில் ஈரம், எவன் வீட்டில் சுண்ணாம்பு உரிகிறது, அவ்வளவுதான். அவன் வராமல் போனதும் டீக்கடைக்காரன் பழக்க தோஷத்தில் பத்து நாள் இரண்டு டீயே அனுப்பினான், இரண்டையும் நானே குடித்து ராத்திரி தூக்கம் கெட்டதுதான் மிச்சம். அவன் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, நாமாகப் போய்க் கூப்பிட வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தேன் என்றால், அவனுக்குக் காட்ட வேண்டும் என்று நம் வீட்டுக்கே பெயிண்ட் அடித்தேன். அவன் ஆட்கள் யாரும் வேண்டாம் என்று வெளியிலிருந்து இரண்டு பேரைப் பிடித்தேன். மழை விட்ட மறுநாள் வானம் எப்படி இருக்கும், அப்படி ஒரு இளநீலம், என் கையாலேயே கலக்கினேன். அடித்து முடித்ததும் உன் அம்மா தெருவில் நின்று மேலிருந்து கீழ்வரை பார்த்து, நல்லா தெரியுது என்றாள். எதிர் வீட்டுக்காரர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம்தான் நீ திடீரென்று, அப்பா கண் டெஸ்ட் பண்ணிக்கோ, பண்ணிக்கோ என்று வாரத்துக்கு மூன்று தடவை போன் போட ஆரம்பித்தாய். உன் தொல்லை தாங்காமல் போனேன். எதிரே வருகிற வண்டி லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிந்ததும், இறங்கும்போது கடைசிப் படி இருக்கிறதா இல்லையா என்று காலால் தடவினதும் உண்மைதான், ஆனால் அதையெல்லாம் வயசுக் கணக்கில் தள்ளியிருந்தேன். பார்த்ததும் இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லிவிட்டார்கள். நீ அனுப்பிய கேள்வி பத்து, என்னுடையது பதினெட்டு, எல்லாவற்றையும் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். டாக்டர் உன் வயதுப் பெண், பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. சொட்டு மருந்தில் கரையாதா என்றேன், கரையாது என்றாள். இன்னும் முற்றட்டும் என்று விடலாமா என்றேன், இது என்ன பழமா சார் கனியறதுக்கு, வேலைக்கு இடைஞ்சலா இருந்தா எடுத்துடலாம், ரொம்ப முத்த விட்டா எடுக்கறதுதான் கஷ்டம் என்றாள். வெளியே காத்திருக்கும் இடத்தில் ஒரு ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர், அவர் சித்தப்பாவுக்குக் கண்ணைத் தனியாக எடுத்துத் தட்டில் வைத்துத் துடைத்துத் திரும்ப மாட்டினார்கள் என்று அடித்துச் சொல்லியிருந்தார், அதையும் கேட்டேன். அப்படி எடுத்தா திரும்ப வைக்க எனக்குத் தெரியாது சார் என்று சிரித்தாள். சின்னதாக ஒரு துளை போட்டு, அதிர்வு கொடுத்து உள்ளே இருக்கும் பழைய லென்ஸைப் பொடித்து உறிஞ்சிவிட்டு, புது லென்ஸை மடித்து உள்ளே விட்டால் அது தானாக விரிந்துகொள்ளுமாம். கண் சிமிட்டினால் என்றேன், முடியாது, கிளிப் போட்டிருக்கும் என்றாள். தும்மல் வந்தால் என்றேன், முன்னாடியே சொல்லுங்க, நிறுத்திக்கறோம் என்றாள். திரும்பப் புரை வருமா என்றேன், வராது, ஆனா சில பேருக்குக் கொஞ்ச நாள் கழிச்சு லென்ஸுக்குப் பின்னாடி இருக்கற சவ்வு மங்கும், அதை லேசர்ல அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம் என்றாள். அவள் பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், உங்க லென்ஸ் மஞ்சளாகிப் பழுப்பாவே ஆயிடுச்சு, கலர் சரியா தெரியுதா சார் என்று. யாரைப் பார்த்து என்ன கேள்வி கேட்கிறாள் பார். அம்மா, நான் கலருக்கே வைத்தியம் பார்க்கிறவன் என்று சொல்லிவிட்டு, உள்ளே வைக்கப் போகிற லென்ஸ் என்ன ஷேடு என்று கேட்டேன்.  நிறமில்லாததும் உண்டாம், லேசான மஞ்சள் போட்டதும் உண்டாம். நிறமில்லாததே போதும், கலக்குகிறதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

உன் கண்ணாடியைக் கழற்றுகிற லேசர் விஷயத்தையும் மறக்காமல் கேட்டேன். போன மாதம் நீ அதைச் சொன்னபோது, கண்ணில் டார்ச் அடித்துக்கொள்ளப் போகிறாயா என்று நான் கத்தியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எனக்குச் செய்தது வேறு, உனக்குச் செய்வது வேறாம், உனக்கு முன்பக்கம் இருக்கும் கருவிழியை லேசரால் செதுக்குவார்கள், உள்ளே போக மாட்டார்கள். உன் கண்ணாடிப் பவர் ஒரு வருடமாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும். அளவெடுக்கப் போவதற்கு முன்னால் நீ போடுகிற கான்டாக்ட் லென்ஸை எத்தனை நாள் கழற்றி வைக்கச் சொல்கிறார்களோ அத்தனை நாள் கழற்றி வை, அழகு குறைந்துவிடாது. கருவிழி மெல்லிசாக இருக்கிறது, செய்ய முடியாது என்று சொன்னால் என் மாதிரி சண்டை போடாமல் எழுந்து வா. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிறவளுக்குக் கண் ஏற்கெனவே காய்ந்திருக்கும், அதைச் சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். நாற்பது தாண்டினால் படிக்கிற கண்ணாடி எப்படியும் வரும், அதற்கு லேசர் பொறுப்பில்லை. பின்னால் உனக்கும் புரை வந்தால் லென்ஸ் கணக்குப் போட இப்போதைய அளவுகள் தேவைப்படுமாம், அந்தத் தாளைப் பத்திரமாக வை. உன் கல்யாணப் போட்டோவைத் தொலைத்த மாதிரி இதையும் தொலைக்காதே.

ஆபரேஷன் அன்றைக்கு ஒரு கூத்து. வலதுக்குப் பதிலாக இடது கண்ணில் மாற்றிச் செய்துவிட்டால் என்ன பண்ணுவது என்று எனக்கு ஒரு பயம். ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடியில் படாமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டுவோம் அல்லவா, அதில் ஒரு துண்டு கிழித்து இடது புருவத்திலிருந்து கன்னம் வரைக்கும் ஒட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். நர்ஸ் பார்த்துவிட்டு இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டாள், அவள் இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். சார், வலது கண்ணுக்கு மேல நாங்க ஏற்கெனவே பேனாவால குறி போட்டாச்சு என்று சொல்லி டேப்பை உரித்தாள், பாதிப் புருவம் அதோடு போய்விட்டது. அன்றைக்கு வலித்தது அது ஒன்றுதான். மற்றபடி மரத்துப்போகச் சொட்டு மருந்து, மேலே பெரிய வெளிச்சம், யாரோ கண்ணுக்குள் தண்ணீர் ஊற்றி அலசுகிற மாதிரி இருந்தது. முடிந்துவிட்டதா என்று நான் நாலு தடவை கேட்டேன், பேசாம இருந்தா சீக்கிரம் முடியும் சார் என்று டாக்டர் நாலு தடவை சொன்னாள். கால் மணி நேரத்தில் எழுப்பி உட்கார வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கண் மேல் போட்டிருந்த மூடியை எடுத்தார்கள். முதலில் பார்த்தது நர்ஸின் சட்டை, நேற்று வரை சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தேன், நல்ல வெளிர் நீலம். அடுத்து உன் அம்மா. தலை முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. ஏன் டை அடிக்கிறதை விட்டுட்டே என்று கேட்டேன், விட்டு ஒன்றரை வருஷமாச்சு, இப்பதான் பாக்கறீங்களா என்றாள்.  வீட்டுத் தெரு முனையில் வண்டி திரும்பியது, தூரத்தில் ஒரு வீடு நின்றது. துணிக்குப் போடுகிற நீலத் தூளைத் தண்ணீரில் கரைக்காமல் அப்படியே கொட்டிப் பூசின மாதிரி ஒரு நீலம், ஊதாவும் கலந்து, பார்த்தாலே புதுக் கண் கூசியது. எந்தக் கிறுக்கன் வீடு இது என்று கேட்க வாயெடுத்தேன், வண்டி அந்த வீட்டு வாசலில் நின்றது. வண்டிக்காரர் ரொம்ப மரியாதையாக, இந்த வீட்டை வச்சுத்தான் சார் எல்லாருக்கும் வழி சொல்றோம் என்றார். உள்ளே போய்ச் சமையலறைச் சுவர் முன்னால் நின்று வலது கண்ணை மூடினேன், கிரீம். இடது கண்ணை மூடினேன், வெள்ளை. மாற்றி மாற்றி மூடித் திறந்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அதேதான். வெள்ளை டப்பாவே எனக்குக் கிரீமாகத் தெரிந்தால் நான் எதற்கு மஞ்சள் விடப் போகிறேன், நீலமே மங்கலாகத் தெரிந்தால் ஏன் கொட்ட மாட்டேன். மேஸ்திரி சொன்னது சரி. மூன்று பேர் முன்னால் நான் சொன்னதுதான் தப்பு. 

எட்டு மாதமாக எத்தனை வீட்டுக்குக் கலக்கிக் கொடுத்தேன் என்று பில் புத்தகத்தைப் புரட்டி எண்ணினேன். ஒரு வாரம் பொறுத்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் பார்க்கக் கிளம்பினேன். வாசலில் நிற்பது, கண்ணாடியைத் தூக்குவது, சுவரைப் பார்ப்பது, திரும்ப மாட்டுவது, மஃப்டி போலீஸ் என்று நினைத்து ஒருத்தர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பேங்க் கிளார்க் வீடு, கேட்டது கிரீம், இருந்ததும் கிரீம். பல் டாக்டர் கிளினிக், கேட்டது இளநீலம், இருந்தது அச்சாக இளநீலம். ஒன்பது இடம் பார்த்தேன், ஒன்பதும் சரி. எனக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், பாத்தியா, கண்ணு போனாலும் கை போகலை, நம்ம வீட்டுல மட்டும்தான் ஏதோ கைத்தவறு என்று அரை மணி நேரம் பேசினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பத்தாவது வீடு டியூஷன் டீச்சர் வீடு. அந்தம்மா என்னைப் பார்த்ததும், நல்ல வேளை வந்தீங்க, இன்னொரு ரூமுக்கும் இதே கலர் வேணும், உங்க டப்பாவோட அந்த மேஸ்திரி விடற மஞ்சளையும் சேர்த்தே குடுத்துடுங்களேன் என்றார்கள். எந்த மேஸ்திரி, என்ன மஞ்சள் என்றேன். அந்தம்மா நடந்ததைச் சொன்னார்கள், மிச்சத்தை அவர்கள் வீட்டுக்கு அடித்த பெயிண்டரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் பக்கத்துப் பெயிண்டர்கள் முக்கால்வாசிப் பேர் அவன் கையில் வேலை கற்றவர்கள்தானே. நம் கடையிலிருந்து எந்த டப்பா போனாலும் பிரஷை நனைப்பதற்கு முன்னால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல், நம் ஸ்டூலில் உட்கார வேண்டிய நேரத்தில், மஞ்சள் ஸ்டெய்னர் பாட்டிலையும் ஒரு வெள்ளை டப்பாவையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் நான் கெடுத்த கலரையெல்லாம் சரி பண்ணியிருக்கிறான். வீட்டுக்காரர்கள் கேட்டால், கடைல கலந்ததுதான், சுவத்துக்குத் தகுந்த மாதிரி கடைசில ஒரு சொட்டு விடறது எங்க வழக்கம் என்று சொல்லியிருக்கிறான். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. என் கண் போனது வெளியே தெரியக் கூடாது என்று எட்டு மாதம் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறான். நம் வீடு ஒன்றுதான் அவன் கைக்கு எட்டாமல் போனது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவை நிறுத்திக் கேட்டேன். அவளுக்குத் தெரியும். உனக்கும் தெரியும். மேஸ்திரிதான் உனக்குப் போன் பண்ணி, நான் சொன்னா உங்கப்பன் கேக்க மாட்டான், நீ சொல்லு பாப்பா என்று சொல்லியிருக்கிறான், அதனால்தான் வாரம் மூன்று போன். அப்பனை இப்படி ஏமாற்றலாமா என்று உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், ஆனால் இங்கே வரைக்கும் வந்ததும் திட்ட வரவில்லை. நீ செய்தது சரிதான் அம்மா.

மறுநாள் அவனைத் தேடிக்கொண்டு போனேன். ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஏணி மேல் நின்று கூரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கீழே நின்று, தப்பு என்னோடதுதான், அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொன்னேன். வழியெல்லாம் பெரிதாகத் தயார் பண்ணிக்கொண்டு போனது வேறு, வாயில் வந்தது இவ்வளவுதான். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், அங்க நிக்காதே, கண்ணுல தூசி விழும், தள்ளிப் போய் நில்லு என்றான். தள்ளிப் போய் நின்றேன். இன்னும் நாலு இழுப்பு சுரண்டிவிட்டு, எந்தக் கண்ணு ஆச்சு என்றான். வலது என்றேன். இடது ஆகற வரைக்கும் எதையும் கலக்கித் தொலைக்காதே என்றான். சரி என்றேன். இந்த வாரமே ஆட்களோடு வந்து நம் வீட்டு நீலத்தைச் சுரண்டி நல்ல இளநீலம் அடித்துக் கொடுத்தான், பக்கத்து வீட்டார் தெருவில் நின்று கையே தட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் பெயிண்ட் வந்தது எதிர்க்கடை மெஷினிலிருந்து.  வீட்டுக்கு வந்தான், உன் அம்மாவிடம் சிரித்துப் பேசினான், கடைப் பக்கம் மட்டும் வரவில்லை. அது தீர்ந்துபோன உறவுதான் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இன்றைக்குக் காலையில் இடது கண்ணுக்குப் பதிவு பண்ணப் போக வேண்டியிருந்தது. நர்ஸுகள் முன்னால் இன்னொரு தடவை என்னால நிக்க முடியாது என்று உன் அம்மா வர மறுத்துவிட்டாள், அவளே சொல்லி அனுப்பி மேஸ்திரி கூட வந்தான். கூட இருப்பவர் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு தாள் கொடுத்தார்கள். பெயர் எழுதினான், வயது எழுதினான், விலாசம் எழுதினான், நோயாளிக்கு என்ன உறவு என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டான். நான் எங்கேயோ பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். நண்பர் என்று எழுதுவானா, தெரிந்தவர் என்று எழுதுவானா, ஒன்றுமே எழுதாமல் விட்டுவிடுவானா. நிதானமாக யோசித்து, வாடிக்கையாளர் என்று எழுதினான். நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்லாம் உறவு கிடையாது சார், மாத்தி எழுதுங்க என்றாள். மாத்த முடியாதும்மா, நாளைக்குக் காலைல இவர் கடையிலதான் நாலு டப்பா எடுக்கணும் என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நர்ஸ் பார்த்துவிட்டு, என்ன சார், கண்ணு உறுத்துதா என்று பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆமாம்மா, ரெண்டு கண்ணும் உறுத்துது என்று சொல்லிவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் அனுசரித்து நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். லேசருக்கு நாள் குறித்தால் எனக்கு முன்கூட்டியே எழுது, கத்த மாட்டேன். மேஸ்திரி மாமாவுக்கு நீயே ஒரு தடவை போன் பண்ணிப் பேசு.

இப்படிக்கு,
உன் நலத்தையே எப்போதும் நினைத்திருக்கும்
அப்பா